சிசிஎன்ஏ லேப்பை வரைபடமாக்குவது எப்படி: கேபிள் அட்டவணை முதல் லிப்ரெஎன்எம்எஸ் வரை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்தில் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்) படிக்கிறவர்களுக்கு வேலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 1996-ல் தொடங்கிய கூலிம் ஹைடெக் பார்க். அதற்கு அடுத்தது பாலம் தாண்டி பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ். இரண்டு இடத்திலும் நெட்வொர்க் வேலைக்குப் போகிறவர் கட்டளைகளை மனப்பாடமாகச் சொன்னால் மட்டும் போதாது. தான் கட்டியதைத் தாளில் காட்டத் தெரியவேண்டும். சிசிஎன்ஏவின் 200-301 தேர்வுக்காக வீட்டிலோ டியூஷன் அறையிலோ அமைக்கும் சின்ன லேப்பே அதற்கு நல்ல பழக்கம் தரும்.

இங்கே சொல்லும் முறையின் அடிப்படை இது: இரண்டு படம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நீங்கள் நினைத்துக் கட்டியது, உங்கள் கையால் வரைந்தது. மற்றது லிப்ரெஎன்எம்எஸ் என்ற மேப்பிங் மென்பொருள் லேப்பைக் கேட்டுக் கண்டுபிடித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒத்துப்போகாத ஒவ்வொரு கோடும் ஒரு பாடம். முதல் படம் இல்லாமல் மென்பொருளை ஓட்டினால் அழகான ஒரு படம் வரும், ஆனால் அது சரியா தப்பா என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

லேப்பில் என்ன இருக்கவேண்டும்

பழைய சாமானாக வாங்கினால் சிஸ்கோ 1941 ரவுட்டர் 2, காட்டலிஸ்ட் 2960 24-போர்ட் சுவிட்ச் 3, ஒரு மீட்டர் பேட்ச் கேபிள் 10, கொன்சோல் கேபிள் 1, அதற்கு யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் 1, 8 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி ஒன்று. இவ்வளவு போதும். அடாப்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். போலி புரோலிஃபிக் சிப் உள்ள மலிவு அடாப்டர்களை விண்டோஸின் புதிய டிரைவர் ஏற்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு கோட் 10 என்று காட்டி நின்றுவிடும்.

சாமான் வாங்க முடியாதவர்கள் கருவிகளைக் கணினிக்குள்ளேயே ஓட்டும் ஜிஎன்எஸ்3, அல்லது 5 நோடு (கருவி) வரை ஓடும் சிஸ்கோவின் சிஎம்எல் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தலாம். சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பாக்கெட் டிரேசர் படிப்பதற்கு நல்லது, ஆனால் அதற்குள் இருக்கும் கருவிகளை வெளியிலுள்ள மேப்பிங் மென்பொருள் காணாது.

லேப்புக்கு ஒரு கதை கொடுங்கள். ‘எஸ்டபிள்யூ1, எஸ்டபிள்யூ2’ என்று வெறும் எண்ணாக வைத்தால் இரண்டு வாரத்தில் எது எங்கே என்று குழம்பும். ஒரு செம்பனைத் தோட்ட நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் கூலிமில், ஆலை பாடாங் செராயில், தோட்ட ஆபீஸ் லூனாஸில். ஒரே சுவிட்ச்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்தான் வி-லான். ஆபீஸ் கணினிகளுக்கு வி-லான் 10, லாரி நிறுக்கும் எடைமேடைக்கு வி-லான் 20, கருவிகளை நிர்வகிக்க வி-லான் 99. கூலிம் பக்கம் முழுவதும் 10.10 என்று தொடங்கும். செராய், லூனாஸ் பக்கம் 10.20. இரண்டு ரவுட்டருக்கும் இடையில் 10.0.0.0/30.

கேபிள் இப்படிப் போகட்டும். கூலிம்-ஆர்1 ஜிகாபிட் 0/0 போர்ட்டிலிருந்து கூலிம்-எஸ்1 ஃபாஸ்ட் 0/24-க்கு டிரங்க் (பல வி-லானைச் சுமக்கும் இணைப்பு). ஆர்1 ஜிகாபிட் 0/1 போர்ட்டிலிருந்து செராய்-ஆர்2 ஜிகாபிட் 0/1-க்கு. ஆர்2 ஜிகாபிட் 0/0-லிருந்து செராய்-எஸ்2 ஃபாஸ்ட் 0/24-க்கு டிரங்க். எஸ்2-க்கும் லூனாஸ்-எஸ்3-க்கும் இடையில் ஜிகாபிட் 0/1, 0/2 வழியாக இரண்டு கேபிள். அந்த இரண்டாவது கேபிள், சுற்று வழி உருவாகாமல் ஒரு வழியை அடைக்கும் ஸ்பேனிங்-ட்ரீயைப் பார்ப்பதற்காக. மேப்பிங் கணினியை எஸ்1-ல் வி-லான் 99 போர்ட் ஒன்றில் செருகி 10.10.99.50 கொடுங்கள்.

முதலில் பழைய வீட்டுக்காரரின் பொருளைக் காலி செய்யுங்கள்

யாரோ பயன்படுத்திய சுவிட்ச்சில் ‘ரைட் இரேஸ்’ அடித்து ரீலோட் செய்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆகாது. வி-லான்கள் தனியாக ஃபிளாஷில் ‘விலேன்.டேட்’ என்ற கோப்பில் இருக்கும். அதை ‘டிலீட் ஃபிளாஷ்:விலேன்.டேட்’ என்று தனியாக அழிக்கவேண்டும். அழிக்காமல் விட்டால் பழைய விடிபி (சுவிட்ச்கள் வி-லான் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் முறை) டொமைன் பெயரும் ரிவிஷன் எண்ணும் கூடவே வரும். மற்ற சுவிட்ச்களும் அதே டொமைனில் இருந்து, புதிதாகச் செருகியதன் ரிவிஷன் எண் அதிகமாக இருந்தால் லேப் முழுவதும் உள்ள வி-லான்கள் அதன் பட்டியலுக்கு மாறிவிடும்.

மூன்று சுவிட்ச்சிலும் ‘விடிபி மோட் டிரான்ஸ்பரன்ட்’ என்று அடித்துவிடுங்கள். இதில் ஆவணத்துக்கும் ஒரு லாபம் உண்டு. சர்வர் மோடில் வி-லான் பட்டியல் ரன்னிங்-கான்ஃபிகில் (இப்போது ஓடும் அமைப்பு வரிகள்) வராது. அதை நகல் எடுத்து வைத்திருப்பவர் திரும்ப ஏற்றும்போது வி-லான் ஒன்றும் இருக்காது. டிரான்ஸ்பரன்ட் மோடில் அவை கான்ஃபிகிலேயே எழுதப்படும்.

ரவுட்டரில் ‘ஷோ வெர்ஷன்’ அடித்துக் கடைசி வரியைப் பாருங்கள். 0எக்ஸ்2142 என்று இருந்தால் விற்றவர் பாஸ்வேர்டைக் கழற்ற மாற்றியதை அப்படியே விட்டிருக்கிறார் என்று பொருள். ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் ரவுட்டர் சேமித்த கான்ஃபிகைப் படிக்காமல் வெறுமையாக எழும். ‘கான்ஃபிக்-ரெஜிஸ்டர் 0எக்ஸ்2102’ என்று திருத்தி, சேமித்து, ரீலோட் செய்யுங்கள்.

கேபிள் அட்டவணை: மென்பொருளைத் தொடுவதற்கு முன்

ஒரு விரிதாளில் ஆறு பத்தி போடுங்கள்: கேபிள் எண், இந்தப் பக்கக் கருவி, அதன் போர்ட், அந்தப் பக்கக் கருவி, அதன் போர்ட், என்ன வேலை. ‘என்ன வேலை’ பத்தியில் டிரங்க் என்றால் எந்தெந்த வி-லான் போகிறது, நேட்டிவ் (டேக் இல்லாமல் போகும் வி-லான்) எது என்றும் எழுதுங்கள். பின்னால் மென்பொருள் சொல்லாத தகவல் இதுதான்.

கேபிளின் இரண்டு நுனியிலும் அதே எண். நம் ஊர் ஈரக் காற்றில் மாஸ்கிங் டேப் ஒரு மாதத்தில் சுருண்டு விழுந்துவிடும். எழுத இடமுள்ள நைலான் கேபிள் டையோ எண் போட்ட பிளாஸ்டிக் வளையமோ ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

பிறகு டிரா.ஐஓ மென்பொருளைத் திறந்து முதல் படத்தை வரையுங்கள். கணினியில் நிறுவும் பதிப்பு இணையம் இல்லாமலும் ஓடும், சிஸ்கோ உருவங்கள் உள்ளேயே உண்டு. ஒரே கோப்பில் இரண்டு லேயர் போடுங்கள்: ஒன்றில் பெட்டியும் கேபிளும் போர்ட் எண்ணும், மற்றதில் ஐபி முகவரியும் வி-லானும். எல்லாவற்றையும் ஒரே லேயரில் திணித்தால் ஏ4 தாளில் எழுத்து எறும்பு வரிசையாகிவிடும். போர்ட் எண்ணைக் கோட்டின் நடுவில் எழுதாதீர்கள், அந்தந்தக் கருவியை ஒட்டி எழுதுங்கள்.

கருவிகளைப் பேசவைத்தல்

மேப்பிங் மென்பொருள் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கருவியிடமும் ‘உன் பக்கத்தில் யார்’ என்று எஸ்என்எம்பி (கருவிகளிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) மூலம் கேட்கிறது. பக்கத்துக் கருவிகள் தம்மை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறைகள் சிடிபி, எல்எல்டிபி. கருவி அவற்றின் அட்டவணையைக் காட்டுகிறது. ஆகவே மூன்று விஷயம் தயாராக இருக்கவேண்டும்.

முதலாவது, பெயர். ஐந்து கருவிக்கும் வெவ்வேறு ஹோஸ்ட்நேம். ‘சுவிட்ச்’ என்ற ஆலைப் பெயரோடு இரண்டை விட்டால் லிப்ரெஎன்எம்எஸ் இரண்டாவதைச் சேர்க்க மறுத்துவிடும், ஏனென்றால் அது சிஸ்நேம் (எஸ்என்எம்பி தரும் கருவிப் பெயர்) தனித்தனியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும்.

இரண்டாவது, போய்ச்சேரும் வழி. 2960 இரண்டாம் அடுக்கு வேலைக்குத்தான், ஆனால் அதை நிர்வகிக்க ஒரு ஐபி வேண்டும். ‘இன்டர்ஃபேஸ் விலேன் 99’ போய் எஸ்1-க்கு 10.10.99.11, எஸ்2-க்கு 10.20.99.12, எஸ்3-க்கு 10.20.99.13 என்று கொடுத்து ‘நோ ஷட்டவுன்’ அடியுங்கள். ‘ஐபி டிஃபால்ட்-கேட்வே’ வரியை மறக்காதீர்கள். ஐபி கொடுத்தும் ‘லைன் புரோட்டோகால் டவுன்’ என்று நின்றால் இரண்டில் ஒன்று: வி-லான் 99-ஐ உருவாக்கவே இல்லை, அல்லது அந்த வி-லானைச் சுமக்கும் போர்ட் ஒன்றுகூட அப்பில் இல்லை.

மூன்றாவது, சிடிபியும் எஸ்என்எம்பியும். சிஸ்கோ கருவியில் சிடிபி வழக்கமாகத் திறந்தே இருக்கும். 60 விநாடிக்கு ஒருமுறை அறிவிக்கும், கேட்டதை 180 விநாடி நினைவில் வைத்திருக்கும். எல்எல்டிபிக்கு ‘எல்எல்டிபி ரன்’ என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். அது 30 விநாடிக்கு ஒருமுறை பேசும், 120 விநாடி நினைவில் வைக்கும். இரண்டும் தேர்வுக்கு வரும், இரண்டையும் திறந்து வையுங்கள். ஆனால் வீட்டு இணைய ரவுட்டரை நோக்கிய போர்ட் இருந்தால் அதில் ‘நோ சிடிபி எனேபிள்’ போடுங்கள்.

எஸ்என்எம்பிக்கு ‘ஆக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 10.10.99.50’, பிறகு ‘எஸ்என்எம்பி-சர்வர் கம்யூனிட்டி’ என்று எழுதி நீங்கள் வைக்கும் பெயர் (இது பாஸ்வேர்டு போல), கடைசியில் ‘ஆர்ஓ 10’. ஆர்ஓ என்றால் படிக்க மட்டும். ‘பப்ளிக்’ என்ற பெயரை வைக்கவேண்டாம். லேப்தானே என்று தொடங்கும் பழக்கம் வேலைக்குப் போன பிறகும் கையை விடாது. ‘எஸ்என்எம்பி-சர்வர் லொக்கேஷன்’ வரியில் ‘லூனாஸ் தோட்ட ஆபீஸ்’ என்பதுபோல் ஆங்கில எழுத்தில் இடத்தைப் போடுங்கள்.

இப்போது நேரம். 2960-ல் கடிகார பேட்டரி இல்லை. அணைத்து ஏற்றினால் 1993 மார்ச் 1-லிருந்து எண்ணத் தொடங்கும். லாக் வரிகளெல்லாம் அந்தத் தேதியில் வந்தால் ஆவணத்துக்கு உதவாது. ஆர்1-ல் நேரத்தைச் சரிசெய்து ‘என்டிபி மாஸ்டர்’ (மற்றவற்றுக்கு நேரம் சொல்லும் கருவி) ஆக்கி, மற்றவை அதைக் கேட்கும்படி ஆர்1-ன் முகவரியோடு ‘என்டிபி சர்வர் 10.10.99.1’ எழுதுங்கள்.

ஸென்மேப் ஒரு சுற்று

லிப்ரெஎன்எம்எஸ் நிறுவுவதற்கு முன் ஸென்மேப் என்ற ஸ்கேன் மென்பொருளில் 10.10.99.0/24, 10.20.99.0/24 இரண்டுக்கும் பிங் ஸ்கேன் ஓட்டுங்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒரே சப்நெட்டில் ஸ்கேன் ஆர்ப் (ஐபிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் முறை) மூலம் நடப்பதால் ஃபயர்வால் போட்ட விண்டோஸ் கணினியும் மறைய முடியாது. ரவுட்டர் தாண்டிய பக்கம் அப்படியில்லை. அங்கே பதில் தராத கணினி இல்லாததுபோலவே தெரியும்.

ஸென்மேப்பின் டோபாலஜி பக்கத்தில் வட்டம் வட்டமாக ஒரு படம் வரும். அதை உங்கள் லேப் படம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது டிரேஸ்ரூட்டில் கிடைத்த ரவுட்டர் தாவல்களை மட்டும் வரைகிறது. எந்தச் சுவிட்ச்சின் எந்தப் போர்ட் எதில் செருகியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று: ஸ்கேனை உங்கள் லேப் முகவரிகளோடு நிறுத்துங்கள். பள்ளி, ஆபீஸ், பக்கத்து வீட்டு வைஃபை பக்கம் கொண்டுபோகாதீர்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதை மலேசியாவின் 1997 கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. நுழையும் எண்ணமே இல்லாமல் ஸ்கேன் ஓட்டியவரும் விளக்கம் சொல்லும் நிலைக்கு வரலாம்.

லிப்ரெஎன்எம்எஸ்

இது இலவசம். லினக்ஸில் ஒவ்வொரு பொட்டலமாக நிறுவுவது புதியவருக்குக் கொஞ்சம் நீளமான வேலை. ஆயத்தமாகக் கிடைக்கும் மெய்நிகர் கணினிக் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றுவது சுலபம். அதற்கு 4 ஜிபி ரேம் ஒதுக்குங்கள். நெட்வொர்க் அமைப்பை ‘பிரிட்ஜ்டு’ என்று மாற்றுவது முக்கியம். ‘நேட்’ என்றே விட்டால் சுவிட்ச்சுக்குக் கேள்வி உங்கள் கணினியின் முகவரியிலிருந்து வருவதுபோலத் தெரியும், ஆக்சஸ்-லிஸ்ட்டில் எதை அனுமதித்தோம் என்று குழம்புவீர்கள். 10.10.99.50 என்பதை மெய்நிகர் கணினிக்கே கொடுத்து, விண்டோஸுக்கு வேறு எண் கொடுங்கள்.

ஐந்து கருவிக்குத் தானியங்கித் தேடல் தேவையில்லை. ஒவ்வொன்றையும் ஐபி எண்ணால் கையால் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. தானியங்கியாக விட்டால் அது சிடிபியில் கேட்ட பெயரை டிஎன்எஸ்ஸில் தேடும். லேப்பில் டிஎன்எஸ் இருக்காது, ஆகவே ஒன்றும் சேராது. அதற்கு மாற்று அமைப்பு உண்டு, முதல் வாரத்தில் அது வேண்டாம்.

சேர்க்கும்போது மறுத்தால் இந்த வரிசையில் பாருங்கள். பிங் போகிறதா? முதலில் பிங் பதில் வரவேண்டும், இல்லையென்றால் அது சேர்க்காது. பிங் போயும் எஸ்என்எம்பி பதில் இல்லையென்றால் ‘எஸ்என்எம்பிவாக்’ கட்டளையால் கேட்டுப் பாருங்கள். இங்கேதான் புதியவர்கள் மணிக்கணக்காக அலைவது. கம்யூனிட்டி பெயர் தப்பாக இருந்தாலும், ஆக்சஸ்-லிஸ்ட் தடுத்தாலும், எஸ்என்எம்பியே திறக்காமல் இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒரே பதில்: டைம்அவுட். ‘பெயர் தப்பு’ என்று கருவி சொல்லாது, வாயை மூடிக்கொள்ளும். ஆக்சஸ்-லிஸ்ட்டை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். வந்துவிட்டால் குறை அதில்தான். வராவிட்டால் கம்யூனிட்டியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபடும். கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்தும் சேர்ந்த பிறகு மேப் பக்கம் வெறுமையாக இருந்தால் பதறவேண்டாம். புள்ளிவிவரம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும், ஆனால் பக்கத்துக் கருவிகளைக் கண்டறியும் வேலை 6 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஓடும். கருவியின் பக்கத்தில் ‘கேப்ச்சர்’ என்பதற்குள் போய் டிஸ்கவரியைக் கையால் ஓட்டுங்கள். படத்தில் கோடுகள் சிக்கலாகப் பின்னிக்கொண்டால், மேப் அமைப்பில் மேக் முகவரியிலிருந்து வரும் தொடர்புகளை நீக்கிவிட்டு சிடிபி, எல்எல்டிபி வழி வருவதை மட்டும் விடுங்கள்.

இரண்டு படத்தையும் ஒப்பிடுதல்

இனிதான் உண்மையான வேலை. டிரா.ஐஓ படத்தை அச்செடுத்துக்கொண்டு திரைக்கு முன் உட்காருங்கள். ஒத்துப்போகும் கோட்டுக்குப் பச்சை மையில் ஒரு சரி போடுங்கள்.

போர்ட் எண் மட்டும் மாறியிருந்தால் பத்துக்கு ஒன்பது தடவை தப்பு உங்கள் அட்டவணையில். எழுந்துபோய் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். திரையை நம்பி அட்டவணையைத் திருத்துவதும் தப்பு, அட்டவணையை நம்பித் திரையைப் பழிப்பதும் தப்பு.

ஒரே போர்ட்டில் இரண்டு அண்டைக் கருவி தெரிந்தால் நடுவில் எங்கோ ஒரு சாதாரணச் சுவிட்ச் ஒளிந்திருக்கிறது. அறைக்கு அந்தப் பக்கம் இழுக்க யாரோ 5-போர்ட் பெட்டி ஒன்றைச் செருகியிருப்பார்கள். அதற்கு சிடிபி புரியாது, வந்ததை எல்லாப் பக்கமும் கடத்திவிடும், தன்னைக் காட்டிக்கொள்ளாது. எந்த மென்பொருளும் அதை வரையாது. படத்தில் கையால் சேர்க்கவேண்டும்.

கேபிளை மாற்றிய பிறகும் பழைய கோடு நிற்கிறதென்றால் 180 விநாடி கணக்கை நினைவுகொள்ளுங்கள். ‘கிளியர் சிடிபி டேபிள்’ அடித்து, ஒரு நிமிடம் பொறுத்து, டிஸ்கவரியை மறுபடி ஓட்டுங்கள்.

எஸ்2, எஸ்3 இடையிலான இரண்டு கேபிளும் மேப்பில் ஒரேமாதிரி உயிரோடு தெரியும். ஆனால் ஸ்பேனிங்-ட்ரீ அதில் ஒரு வழியை அடைத்துவைத்திருக்கிறது. அடைத்த போர்ட்டிலும் சிடிபி போகும் என்பதால் மேப்புக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ‘ஷோ ஸ்பேனிங்-ட்ரீ விலேன் 10’ அடித்து ‘ஆல்ட்ன்’ என்று காட்டும் போர்ட் எது, ரூட் சுவிட்ச் யார் என்று பார்த்து, உங்கள் படத்தில் அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றுங்கள். பின்பு ஓடும் கேபிளைப் பிடுங்கிவிட்டு எவ்வளவு நேரத்தில் மற்றது எழுகிறது என்று பார்க்கலாம்.

டிரங்க்கில் நேட்டிவ் வி-லான் இரண்டு பக்கமும் வேறாக இருந்தாலும் மேப் கோடு போடும். கொன்சோலில் மட்டும் நேட்டிவ் விலேன் மிஸ்மேட்ச் என்று நிமிடத்துக்கு ஒருமுறை புலம்பல் வரும். டெல்நெட், எஸ்எஸ்ஹெச் வழி உள்ளே போனவருக்கு ‘டெர்மினல் மானிட்டர்’ அடிக்காமல் அது தெரியாது.

கோப்புகளாக வைத்தல்

ஒவ்வொரு கருவியிலும் முதலில் ‘டெர்மினல் லெங்த் 0’. இல்லையென்றால் நகலில் பக்கத்துக்குப் பக்கம் ‘மோர்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டு வரும், திரும்ப ஏற்றும்போது பிழை கக்கும். கொன்சோலுக்குப் பயன்படுத்தும் புட்டி மென்பொருளில் லாகிங் திறந்து வைத்து ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’, ‘ஷோ விலேன் பிரீஃப்’, ‘ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்’, ‘ஷோ சிடிபி நெய்பர்ஸ் டீடெயில்’, ‘ஷோ ஸ்பேனிங்-ட்ரீ’, ரவுட்டரில் ‘ஷோ ஐபி ரூட்’ என்று வரிசையாக ஓட்டுங்கள். கோப்புப் பெயரில் கருவி, தேதி, பயிற்சி மூன்றும் இருக்கட்டும். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதினால் கோப்புகள் தானாக வரிசையில் நிற்கும்.

நகலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் கம்யூனிட்டி பெயரையும் பாஸ்வேர்டு வரிகளையும் அழித்துவிடுங்கள். ‘டைப் 7’ என்று குழப்பிவைத்த பாஸ்வேர்டை யார் வேண்டுமானாலும் நொடியில் பிரித்துவிடலாம். ‘எனேபிள் சீக்ரெட்’ அவ்வளவு சுலபமில்லை, இருந்தாலும் போடவேண்டாம்.

ரவுட்டரில் புது கார்டு செருகப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன் ‘எஸ்என்எம்பி-சர்வர் இஃப்இன்டெக்ஸ் பெர்சிஸ்ட்’ எழுதி வையுங்கள். ரீலோட்டுக்குப் பிறகு போர்ட்களின் உள் எண் மாறினால் லிப்ரெஎன்எம்எஸ் ஒரு போர்ட்டின் கணக்கை இன்னொன்றின் தலையில் எழுதிவிடும்.

பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் மெய்நிகர் கணினியை முறையாக அணைத்துவிட்டு எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவரிலுள்ள மின்சார சுவிட்சை மட்டும் தட்டினால் போதாது. பக்கத்துக் கட்டடத்துக்கு வெளியே இழுத்த செம்புக் கேபிள் இருந்தால் அதையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். மறுபடி ஏற்றும்போது ரவுட்டர், சுவிட்ச்களை முதலில் ஏற்றி, ஐந்து நிமிடம் விட்டு லிப்ரெஎன்எம்எஸ்ஸை ஏற்றுங்கள். அதை முதலில் ஏற்றினால் ஐந்து கருவியும் டவுன் என்று சிவப்பாகக் காட்டும், அந்த அலாரமும் லாகில் பதிந்துவிடும்.